"ரெண்டு வருஷம் போதுமா?": எல்லையோர ஊரில் ஒரு மறுகாதல் நாவல் எழுதுகிறவருக்கு

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையில் நடக்கும் காதல் நாவல் எழுதுகிறீர்கள். 2022 கார்த்திகையில், ஆரியங்காவுப் பக்கம் மலைப்பாதையில் பைக்கில் வந்த கணவன் லாரி மோதி இறந்துபோகிறான். அன்றிரவு "சீக்கிரம் வாங்க" என்று போன் செய்தவள் நாயகி. இரண்டு வருஷம் கழித்து அவள் வாழ்க்கையில் இன்னொருவன் வருகிறான். வரைவைப் படித்த தோழிகள் "அதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று வருஷமாக்கலாமா, ஐந்தாக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

தோழிகளுக்கு உறுத்தியது வருஷக் கணக்கு இல்லை என்று நினைக்கிறேன். பத்து வருஷம் கழித்து வந்த காதலையும் நம்ப முடியாத கதைகள் உண்டு. ஆறே மாதத்தில் நம்பவைத்தவையும் உண்டு. குடும்ப நாவல் கைப்பிரதிகளைத் திருத்துகிற வேலையில் திரும்பத் திரும்பத் தென்படுகிற குறை வேறொன்று. நாயகிக்குக் குற்ற உணர்வு இருப்பதாக ஆசிரியர் சொல்கிறார். அதை வைத்து அவள் தினமும் என்ன செய்கிறாள் என்று காட்டுவதில்லை. அதனால் நாயகன் "அது உங்க தப்பில்ல" என்றதும் அது கரைந்துவிடுகிறது. ஒரு வாக்கியத்தில் கரைகிற பாரம் என்றால் அதை ஏன் இரண்டு வருஷம் சுமந்தாள் என்றுதான் வாசகர் கேட்பார். "அதுக்குள்ளயா" என்பதன் பொருள் அதுவே.

அவளுக்கு அந்தக் குற்ற உணர்வு வேண்டியிருக்கிறது. நாவல் முழுக்க இதன்மேல்தான் நிற்க வேண்டும். கணவனுக்காக அவள் செய்வதற்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வது. அதையும் விட்டுவிட்டால் அவனோடு இருக்கிற கடைசித் தொடர்பும் போய்விடும் என்று பயப்படுகிறாள். இதை நீங்கள் உணர்ந்து எழுதினால், அவளைத் தேற்ற வருகிற ஒவ்வொருவரும் அவளுக்கு எதிரியாகத் தெரிவார்கள், நாயகன் உட்பட. காதல் கதைக்குத் தேவையான தடை அங்கேயே கிடைக்கிறது. வில்லி மாமியார், பேராசைக் கொழுந்தன் எல்லாம் வேண்டியதில்லை.

துக்கத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளை வைத்து அத்தியாயம் பிரிக்காதீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றைச் சொன்னது மரணத்தை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பார்த்து. இழந்தவர்களுக்கு அது பின்னால் ஒட்டவைக்கப்பட்டது. படிவரிசையாகத் துக்கம் நகர்வதில்லை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. நாவலுக்கு அதிகம் உதவுவது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த பார்வை: இழந்தவர் இழப்பின் பக்கமும், அன்றாடத்தை மறுபடி கட்டுகிற பக்கமுமாக மாறி மாறி ஊசலாடுகிறார், ஒரே நாளில்கூட. காலையில் கேஸ் புக் செய்து, பேங்கில் சண்டை போட்டு, மத்தியானம் சிரித்து, சாயங்காலம் ஹெல்மெட்டைப் பார்த்ததும் உடைந்துபோவது இயல்பு. ஆகவே அவளைச் சிரிக்கவிடுங்கள், மூன்றாம் அத்தியாயத்திலேயே. சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிற அந்த ஒரு கணத்தில் குற்ற உணர்வைத் தனியாக விளக்காமலே காட்டிவிடலாம். இன்னொன்று: நீடித்த துக்கம் என்று மருத்துவம் பெயரிட்டிருக்கிற நிலைக்கு உலகச் சுகாதார அமைப்பின் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. காலம் கடந்தது மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையே முடங்கியிருக்க வேண்டும். உங்கள் நாயகி வேலைக்குப் போய்க்கொண்டு குடும்பத்தை நடத்துகிறாள் என்றால் அவளுக்கு நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம். நாயகனை ஆலோசகர் ஆக்கவும் வேண்டாம்.

இனி கதைக்களம். உங்கள் வரைவில் லாரி ஓட்டுநரின் தம்பிதான் நாயகன் என்று வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். வாசகர் ஐந்தாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், பிறகு உண்மை வெளிவருகிற நாளுக்காகச் சலிப்போடு காத்திருப்பார். எல்லை ஊர் என்பதால் உங்களுக்கு இதைவிட நல்ல சரக்கு கைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

விபத்து நடந்தது கேரளாவில். அங்கே போடுகிற எஃப்.ஐ.ஆர்., இடத்தைப் பார்த்து எழுதுகிற மகஜர், சாட்சி வாக்குமூலம் எல்லாம் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், 21 நாளுக்குள். எனவே இறப்புச் சான்றிதழும் அந்தப் பக்கத்து உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து வரும். வாரிசுச் சான்றிதழ் இந்தப் பக்கம் தாசில்தாரிடம். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, மனுதாரர் வசிக்கும் ஊர் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் மனுவுக்கு ஆறு மாதக் கெடு சொல்கிறது. ஆகவே முதல் சில மாதத்திலேயே கொழுந்தன் ஓடியாடி, மைனியிடம் பத்து இடத்தில் கையெழுத்து வாங்கி, மனுவைப் போட்டிருப்பான். அவள் எதையும் படித்திருக்க மாட்டாள். படிக்கவும் தெரியாது, மலையாளம் பேசினால் புரியும் அவ்வளவுதான். இந்த ஊரில் இது ரொம்ப சகஜம். முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த தாலுகா. வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருந்தாலும் பேத்திக்கு எழுத்து தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து வழக்கு சாட்சியக் கட்டத்துக்கு வருகிறது. அந்தக் காகிதக் கட்டை அவளுக்குப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்த ஒருவன், செங்கோட்டையில் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் என்று வையுங்கள். அவன் படித்துச் சொல்கிறான். ஒரு சாட்சி, மலைப்பாதை டீக்கடைக்காரர், இப்படிச் சொல்லியிருக்கிறார்: அந்த ஆள் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே போனார். அவன் அந்த வரிக்கு வருகிறான். அவள் முகத்தைப் பார்க்கிறான். "டீ குடிச்சுட்டுக் கிளம்பிட்டாருன்னு போட்டிருக்கு" என்று முடித்துக்கொள்கிறான்.

இந்த ஒரு பொய்யில் நாவல் நிற்கும். இரக்கத்தில் சொன்னது என்பதால் வாசகர் அவனை வெறுக்க மாட்டார். ஆனால் இப்போது அவனுக்கும் ஒரு குற்ற உணர்வு, அதுவும் காதல் வளர வளரக் கூடவே வளர்கிறது. அந்த வரிக்குப் பண மதிப்பும் உண்டு: இறந்தவரின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்பாயம் கருதினால் இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைக்கும், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். தீர்ப்பாயத்துக்குத் தாக்கல் செய்ய முறையான மொழிபெயர்ப்பு வருகிறபோது, முக்கால் பங்கு கதை முடிந்த இடத்தில், அந்த வரி அவள் கண்ணில் படுகிறது. தற்செயலை நம்பத் தேவையில்லை, வழக்கு தன் போக்கில் அங்கே கொண்டுவந்துவிடும். எந்தக் கட்டத்தில் மொழிபெயர்ப்பு கேட்பார்கள் என்பது மட்டும் வழக்குக்கு வழக்கு மாறும். தென்காசியில் மோட்டார் வழக்கு நடத்துகிற ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காகிதம் அவளை முழுசாக விடுவிக்கக் கூடாது, முழுசாகக் குற்றவாளி ஆக்கவும் கூடாது. போன் அழைப்பு எட்டு நாற்பதுக்கு என்று அவள் போனில் இருக்கிறது. விபத்து நேரம் ஒன்பது பத்து என்று எஃப்.ஐ.ஆரில். இடையில் அரை மணி நேரம். அவளிடம் பேசி முடித்து, டீ குடித்து, பிறகு வேறு யாரிடமோ பேசியிருக்கிறான். யாரிடம்? இதற்கு என் யோசனை அவன் அம்மா. மாமியாரும் இரண்டு வருஷமாக "நான்தான் காரணம்" என்று நினைத்துக்கொண்டு அதே அடுப்படியில் நிற்கிறாள், சொல்லவில்லை. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பாதிப் பழியை மறைத்துவைத்திருந்தது வெளிவருகிற காட்சிதான் இந்த நாவலின் உச்சம். காதலர்கள் சேர்கிற காட்சி அதற்கு அடுத்ததுதான். இது என் தீர்ப்பு, விதி கிடையாது; காதல் நாவலில் காதலே உச்சமாக இருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அந்த அடுப்படிக் காட்சி இல்லாமல் அவள் இன்னொருவன் வீட்டுக்குப் போனால் தோழிகளின் கேள்வி அப்படியே நிற்கும்.

அளவு பற்றி. 60,000 வார்த்தை நாவல் என்றால், இணையத்தில் வாரத் தொடராகப் போட வசதியாக 1,800 வார்த்தை வீதம் 33 அத்தியாயம் வரும். முன்கதை மொத்தம் 6,000 வார்த்தையைத் தாண்ட வேண்டாம், ஓரிடத்தில் 600க்கு மேல் வேண்டாம். உச்சக் காட்சியில் மட்டும் விதிவிலக்கு. விபத்து இரவை மூன்று முறை சொல்லுங்கள். முதல் தடவை 150 வார்த்தையில், வெளியாளிடம் சொல்கிற மாதிரி, தேதியும் இடமும் மட்டும். பாதி நாவலில் 500 வார்த்தை; போன் செய்ததைச் சொல்கிறாள், ஏன் செய்தாள் என்பதைச் சொல்வதில்லை. மூன்றாவது, மாமியாரிடம், 1,200 வார்த்தை. அங்கேதான் அவள் போன் செய்தது அக்கறையில் இல்லை, கோபத்தில் என்பது தெரிய வேண்டும். காலையில் ஒரு சண்டை. அவன் கடன் வாங்கியதை மறைத்திருந்தான். நீங்கள் கணவனை மகாத்மாவாக எழுதியிருக்கிறீர்கள். குறையே இல்லாதவனை யாராலும் துக்கப்பட முடியாது, வழிபடத்தான் முடியும். அவனுக்கு இரண்டு உண்மையான குறைகளும், அவளைச் சிரிக்கவைத்த ஒரு பழக்கமும் கொடுங்கள். "அழுதாள்" என்ற சொல்லை முழு நாவலிலும் நான்கு தடவைக்கு மேல் எழுத மாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் ஐந்து அத்தியாயத்திலேயே அது பதினேழு தடவை வருகிறது.

விட்டுவிடுதல் என்பதை எப்படிக் காட்டுவது? ஞானோதயமாகக் காட்டினால் தோற்றுப்போகும். ஒரு செயல் வேண்டும், அதற்கு ஒரு விலையும் வேண்டும். படத்துக்கு மாலை மாற்றுவது, கடற்கரையில் மோதிரத்தை வீசுவது எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேய்ந்தவை. நான் சிபாரிசு செய்வது இறந்த கணவனின் சிம் கார்டு. 28 நாளுக்கு ஒரு தடவை அவன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறாள். செய்யாமல் விட்டால் ஒரு கட்டத்தில் எண் துண்டிக்கப்படும். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்து, பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதாவது ஒருநாள் அந்த எண்ணுக்கு அடித்தால் முன்பின் தெரியாத ஒருவர் எடுப்பார். அறுபது சதவீதம் கதை முடிந்த இடத்தில் அவள் ரீசார்ஜை மறந்துபோகட்டும், காரணம் அந்த வாரம் அவள் சந்தோஷமாக இருந்தது. பதறிப்போய்க் கடைக்கு ஓடுவாள். அந்தப் பதற்றம் அவளை நாயகனிடமிருந்து ஒரு மாதம் விலக்கிவைக்கும். கடைசியில் தெரிந்தே விடுகிறாள். அந்த இடத்தில் நாயகன் இருக்கக் கூடாது, அவனுக்காக விட்டதாக ஆகிவிடும். மாமியார் இருக்கலாம். "ஏட்டி, அவன் நம்பருக்குக் காசு போட்டியா?" என்று அவள் கேட்டால், இத்தனை நாளும் அவளும் அந்த எண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்தாள் என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.

தேதியிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் வருஷத் திதி மாதத்தையும் திதியையும் வைத்து வரும். ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்போகாது. சில வருஷம் முன்னால் வரும், சில வருஷம் பின்னால் வரும். ஆக அவளுக்கு இரண்டு நினைவுநாள். திதி குடும்பத்துக்கு உரியது: ஐயர் வருவார், காக்கைக்குச் சோறு வைப்பார்கள், கொழுந்தன் செய்வான். போனில் இருக்கிற தேதி அவளுக்கு மட்டும். நாயகன் எந்த நாளைத் தெரிந்துவைத்திருக்கிறான் என்பதே அவன் எவ்வளவு நெருங்கியிருக்கிறான் என்று காட்டிவிடும். கார்த்திகை விபத்து என்பதும் நல்ல தேர்வு. மண்டல காலம் முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் புளியரை வழியாக அந்தப் பாதையில்தான் ஏறும். ஊரே ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு ஞாபகப்படுத்தும். ஆடி அமாவாசையை அந்தப் பக்கம் கர்க்கடக வாவு என்று பெரும்பாலும் அதே நாளில் கும்பிடுவார்கள். இருவர் வீட்டுச் சாவுகளும் ஒரே நாளில் நினைக்கப்படுவது காட்சியாக நன்றாக வரும்.

ஊர் விஷயத்தில் சில பிழைகள். அவர்கள் 2014இல் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் தேனிலவு போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது. அந்த மலைப்பாதையில் மீட்டர்கேஜ் ரயில் 2010 செப்டம்பரில் நின்றது. அகலப்பாதையாகி முழு வழியும் திறந்தது 2018இல். பஸ்ஸில் அனுப்புங்கள். அதேபோல் தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். அதற்கு முன்னால் கலெக்டர் ஆபீஸ் என்றால் திருநெல்வேலி. சாரல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கார்த்திகையில் பெய்வது வடகிழக்குப் பருவத்தின் கனமழை, அதைச் சாரல் என்று எழுதினால் ஊர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். ஓணத்துக்கு முந்தின வாரம் காய்கறி, பூ வண்டிகள் அந்தப் பக்கம் வரிசைகட்டும். மண்டியில் வேலை செய்கிற நாயகனுக்கு அந்த வாரம் தலை நிமிர நேரம் இருக்காது, காதல் காட்சியை அங்கே வைக்காதீர்கள். பதினாறாம் நாள் காரியம், தாலி வாங்குவது, கோடி போடுவது எல்லாம் சாதிக்குச் சாதி மாறும். நாயகியின் குடும்பம் எது என்று முடிவுசெய்து அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். பொதுவாக எழுதினால் யாருடையதாகவும் இருக்காது.

நாயகன் அவளை எப்படிக் கூப்பிடுகிறான் என்பதைக் கவனியுங்கள். இப்போது "மேடம்" என்கிறான், அது மண்டிக்காரன் வாயில் ஒட்டவில்லை. அந்த ஊரில் அவன் வயசுக்காரன் "அக்கா" என்பான். அக்கா என்று ஒருதடவை கூப்பிட்டுவிட்டால் பிறகு காதல் சிக்கல். ஆகவே அவன் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், "இந்தாங்க", "பாருங்க" என்றே பத்து அத்தியாயம் ஓட்டட்டும். அவன் எந்த உறவுமுறையும் சொல்வதில்லை என்பதை முதலில் கவனிப்பவள் மாமியாராக இருந்தால் இன்னும் நல்லது.

"கல்யாணம் பண்ணினா சொத்து போயிரும்" என்று சித்தப்பா மிரட்டுகிற இடம் கதைக்கு நல்லதுதான், அவர் அப்படிச் சொல்லலாம். ஆனால் கதைசொல்லி அதை உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளை இல்லாமல், உயில் எழுதாமல் இறந்தவன் சொத்து மனைவிக்கும் தாய்க்கும் சமபாதி. கைக்கு வந்த பங்கு மறுமணத்தால் போவதில்லை. மறுமணம் செய்ததால் விபத்து இழப்பீட்டு உரிமை போகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றமும் 2023இல் சொல்லியிருக்கிறது. நாயகன் வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு அலுவலகப் பலகையில் தொங்கும். சின்ன ஊரில் அந்த முப்பது நாளே மூன்று அத்தியாயத்துக்கு வரும்.

இத்தனையும் செய்தாலும் எல்லா வாசகரும் ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன். கணவனை இழந்தவள் மறுபடி விரும்புவதையே ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதி நாவலைக் கெடுக்க வேண்டாம். திருத்திய வரைவைத் தோழிகளிடம் மறுபடி கொடுக்காதீர்கள், அவர்களுக்குக் கதை தெரிந்துவிட்டது. துணையை இழந்த ஒருவர், இழக்காத ஒருவர் என்று புதிதாக இருவரிடம் கொடுங்கள். "பிடித்ததா" என்று கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் அவள் மேல் கோபம் வந்தது, எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனீர்கள், கணவன் பெயர் என்ன என்று மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தடுமாறினால் முதல் பத்து அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.